அலிசன் மோயேயை மறுபடி கேட்கும்போது

அலிசன் மோயே என்றதும் எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுக் கேட்கும் கனபேர் ‘ஒன்லி யூ’ என்பார்கள். அடுத்த வசனமாக, குளிர்ந்த இயந்திர இசைக்கு மேலே ஒரு சூடான குரல் என்ற வர்ணனை வரும். நாற்பது வருடமாக இந்த வர்ணனை கை மாறிக்கொண்டே இருக்கிறது. இதில் இரண்டு பிழை உண்டு. மோயே அந்தப் பாட்டைப் பாடிய யாசூ என்ற இருவர் குழுவின் இசை குளிர்ந்தது அல்ல, ஆட்கள் குறைந்தது. ஒரு நேரத்தில் மூன்று நான்கு ஒற்றைச் சுர வரிகள்தான் ஓடும்; குரலுக்குரிய இடத்தில் வேறு எதுவும் உட்காராது. இரண்டாவது பிழை பெரியது. அந்த வர்ணனை மோயேயைக் குரலாக மட்டும் எடுத்துக்கொண்டு, பாட்டெழுதிய மோயேயைக் கணக்கில் இருந்து தள்ளிவிடுகிறது.

அவரை மறுபடி எடைபோட வேண்டும் என்று சொல்வதற்கு என்னிடம் உள்ள காரணம் இதுதான்: அவருடைய பாட்டுகளின் தரம், குரலைச் சுற்றி எவ்வளவு இடம் விடப்பட்டது என்பதோடு சேர்ந்தே ஏறியும் இறங்கியும் இருக்கிறது. குரல் எல்லாத் தட்டிலும் ஒரே தரம். சுற்றி நின்றவைதான் மாறின. இதைக் காதால் சரிபார்க்கலாம். திருகோணமலையின் உப்புவெளியில் ஹோட்டல் மேடையில் கீபோர்ட் வாசிப்பவர் கையாலும் சரிபார்க்கலாம். இரண்டுக்கும் வழி கீழே இருக்கிறது.

முதலில் ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோயே 1961 ஜூன் 18இல் எசெக்ஸ் பகுதியின் பில்லெரிக்கேயில் பிறந்து, பாசில்டனை அண்டி வளர்ந்தவர். டிபேஷ் மோட் குழுவின் மார்ட்டின் கோரும் அன்டி ஃப்ளெச்சரும் அவருடைய பாடசாலை வகுப்பில் இருந்தவர்கள். அவருடைய நாட்டமோ பங்க்கும், மதுச்சாலைகளில் பாடப்படும் ப்ளூஸும். ஆட்கள் தேடி அவர் ‘மெலடி மேக்கர்’ பத்திரிகையில் விளம்பரம் போட்டார். 1981 கடைசியில் டிபேஷ் மோடை விட்டு வெளியேறியிருந்த வின்ஸ் கிளார்க், கையில் ‘ஒன்லி யூ’ என்ற பாட்டை வைத்துக்கொண்டு அந்த விளம்பரத்தைப் பார்த்து அழைத்தார். பழைய ப்ளூஸ் பதிவுகளை மீள வெளியிட்டுவந்த ஒரு ரெக்கோர்ட் நிறுவனத்தின் பெயரில் இருந்து யாசூ என்ற பெயர் வந்தது. அமெரிக்காவில் பெயர்ப் பிணக்கு வரும் என்பதால் அங்கே யாஸ்.

1982இல் ‘ஒன்லி யூ’ பிரிட்டனில் 2ஆம் இடம், ‘டோன்ட் கோ’ 3ஆம் இடம். ‘அப்ஸ்டெயர்ஸ் அட் எரிக்ஸ்’ அல்பமும் 2ஆம் இடம். மறு வருடம் ‘நோபடீஸ் டயரி’ 3ஆம் இடத்தைப் பிடித்தது. இரண்டாவது அல்பமான ‘யூ அண்ட் மீ போத்’ வெளிவரும்போது இருவரும் பிரிந்தாயிற்று. அதைப் பெரும்பாலும் ஒருவர் இல்லாத நேரத்தில் மற்றவர் வந்து ஒலிப்பதிவு செய்தார்கள். அப்படியும் அது 1ஆம் இடத்துக்குப் போனது.

ஒலிப்பதிவு நடந்தது லண்டன் சதக்கில், வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயக் கட்டடத்துக்குள் இருந்த பிளாக்விங் ஸ்டூடியோவில். அதை நடத்திய எரிக் ராட்கிளிஃப்தான் முதல் அல்பத்தின் தலைப்பில் வரும் எரிக். மியூட் ரெக்கோர்ட்ஸின் டானியல் மில்லரும் தயாரிப்பில் பங்கெடுத்தார்.

இனி அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ரசனை மட்டும் காரணம் என்றால் அரைவாசிதான் சரி. மிச்ச அரைவாசி கருவிகளின் எல்லை. கிளார்க்கின் அன்றைய கருவிகளில் சீக்வென்ஷல் சேர்க்கிட்ஸ் நிறுவனத்தின் ப்ரோ-வன் முக்கியமானது. 1981இல் வந்த அந்தச் சின்தசைசரில் 37 கட்டைகள், சத்தத்தைப் பிறப்பிக்கும் ஒஸிலேட்டர்கள் இரண்டு. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே பேசும். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஒரே சத்தம். விரலின் அழுத்தத்தை அறியும் வசதி அதில் இல்லை. அதை ஓட்டியது ரோலண்ட் எம்.சி.-4. இது விசைப்பலகையில் வாசித்துப் பதிகிற கருவி அல்ல. ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று எண்களைத் தட்ட வேண்டும்: என்ன சுருதி, அடுத்த சுரம் வர எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் எவ்வளவு பங்கு சத்தம் ஒலிக்க வேண்டும். வெளியே போகும் பாதைகள் நான்கு. கூடுதலாக வேண்டுமானால் டேப்பில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிய வேண்டும்.

ஒவ்வொரு சுரத்தையும் எண்ணாகத் தட்டுகிறவர் தேவையில்லாத சுரத்தைத் தட்ட மாட்டார். ஒற்றைச் சுரச் சின்தசைசரில் கோர்ட், அதாவது பல சுரங்களை ஒன்றாக, பிடிக்க முடியாது. ஆகவே ராகத்தின் நிறம் முழுவதும் அடுத்தடுத்து ஓடும் சுரங்களாலும் பேஸாலுமே விளங்க வேண்டும். ‘ஒன்லி யூ’ தொடக்கத்தில் சுண்டிவிட்ட மாதிரி ஓடுகிற அந்த வரியைக் கவனித்தால், கோர்ட் ஒன்றும் பிடிக்காமலே கோர்ட் எல்லாம் காதுக்கு விளங்குவது தெரியும். ஒவ்வொரு சுரமும் முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஒரு சிறு மௌனம். அந்த மௌனங்களுக்குள்தான் மோயேயின் மெய்யெழுத்துகளும் மூச்சும் வந்து விழுகின்றன.

மோயேயின் குரல் கொன்ட்ரால்டோ, பெண் குரல்களில் ஆகத் தாழ்ந்த வகை. இப்படிப்பட்ட குரலின் அடிச்சுரங்கள் கிட்டத்தட்ட 175 தொடங்கி 700 ஹேர்ட்ஸ் வரை வரும். ஸ்ட்ரிங்ஸ், பாட் என்று நாங்கள் கீபோர்டில் பிடித்து வைக்கும் சத்தங்களும் அதே பரப்பில்தான் நிற்கும். உயர்ந்த சுருதியில் பாடுகிறவருக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை, அவர் மேலே போய்விடுவார். தாழ்ந்த குரலுக்குப் போக இடம் கிடையாது. எல். ஆர். ஈஸ்வரியின் குரலில் உள்ள கரகரப்பையும் கனத்தையும் ரசிக்கும் காதுக்கு மோயே உடனே பிடிபடுவார். அந்தக் கரகரப்பு கேட்பதற்கே சுற்றிலும் வெளி வேண்டும்.

பாட்டெழுதியவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். யாசூ என்றால் கிளார்க் எழுத மோயே பாடினார் என்ற எண்ணம் ஊன்றிப்போயிருக்கிறது. ‘ஒன்லி யூ’வும் ‘டோன்ட் கோ’வும் கிளார்க்கினுடையவைதான். முதல் அல்பத்தின் ‘மிட்நைட்’, ‘விண்டர் கில்ஸ்’, ‘குட்பை செவன்டீஸ்’, ‘பிரிங் யுவர் லவ் டவுன்’ ஆகியவை மோயே எழுதியவை. ‘நோபடீஸ் டயரி’யும் அவருடையது, அதுவும் பதினாறு வயதில் எழுதியது. ‘சிச்சுவேஷன்’ இருவரும் சேர்ந்து எழுதியது. பிரிட்டனில் அது அப்போது ‘ஒன்லி யூ’வின் மறுபக்கமாக மட்டும் வந்தது, அமெரிக்க நடனத் தரவரிசையில் 1ஆம் இடம் போனது. அதில் மோயே சிரிக்கிற சிரிப்பைத்தான் பிறகு ‘மகரேனா’வின் பேசைட் பாய்ஸ் கலவையில் எடுத்துப் போட்டார்கள். திருகோணமலையில் கலியாண மண்டபங்களில் ‘மகரேனா’வுக்கு ஆடிய எல்லோரும் மோயேயைக் கேட்டிருக்கிறார்கள், பெயர் தெரியாமலே.

‘மிட்நைட்’டைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் குரலே முன்னுக்கு நிற்கும், இசை பிறகு வந்து சேரும். ப்ளூஸ் பாடகிக்குரிய முறையில் சுரத்தைக் கீழிருந்து இழுத்துத் தொட்டு, தொட்டபின் அசையாமல் நிறுத்தி, வசனத்தின் வால் பகுதியில் மட்டும் அதிர்வைச் சேர்க்கிறார். ‘விண்டர் கில்ஸ்’ இதற்கு மற்ற அந்தம். மிக மெதுவான நடை, மிகக் குறைந்த வாத்தியம், குரல் காதுக்குள் கிட்ட. சின்த் பொப் என்ற பெட்டிக்குள் இந்த இரண்டு பாட்டையும் அடைக்க முடியாது. அவை மோயே கொண்டுவந்தவை. கிளார்க் அவற்றுக்குச் செய்த பெரிய உதவி கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

அதன் பிறகு ‘ஆல்ஃப்’. 1984 நவம்பரில் வந்த முதல் தனி அல்பம். பெயர் அவருடைய செல்லப்பெயர். பிரிட்டனில் 1ஆம் இடம். ‘லவ் ரெசரெக்‌ஷன்’ 10ஆம் இடம், ‘ஓல் க்ரைட் அவுட்’ 8ஆம் இடம், மோடவுன் பாட்டுகளால் பெயர்பெற்ற லமோண்ட் டோசியர் எழுதிய ‘இன்விசிபிள்’ 21ஆம் இடம். தயாரித்தவர்கள் ஸ்டீவ் ஜொலியும் டோனி ஸ்வெய்னும். பனனராமா, ஸ்பண்டவ் பலே குழுக்களின் பெரிய பாட்டுகளைச் செய்த அதே இருவர். விற்பனைக் கணக்கில் இதுதான் அவருடைய உச்சம் என்பதால், இதையே அவருடைய சிறந்த அல்பமாகவும் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

பாட்டுகள் நல்லவை, பெரும்பாலானவற்றை மோயே அவர்களோடு சேர்ந்து எழுதினார். குறை இடப்பங்கீட்டில். கோர்ட் பிடித்து நிற்கும் பல்சுரச் சின்தசைசர்கள் நடுப்பகுதி முழுவதையும் நிரப்புகின்றன. ஸ்னெயர் ட்ரம்முக்கு அந்தக் காலத்துப் பெரிய அறை எதிரொலி. குரலுக்கும் எதிரொலி, குரலுக்குப் பின்னால் அதே சுரங்களில் துணைக்குரல். மோயே இவ்வளவையும் தாண்டிக் கேட்க வேண்டும் என்று தொண்டையைத் திறக்கிறார், அவரால் முடியவும் முடிகிறது. ஆனால் யாசூவில் அவர் மெதுவாகச் சொன்ன இடங்களில் வந்த கனம் இங்கே குறைவு. சோதிக்க வேண்டுமானால், ‘ஓல் க்ரைட் அவுட்’டைக் கேட்டுவிட்டு உடனே ‘நோபடீஸ் டயரி’யைக் கேளுங்கள். இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில், ஹெட்போனில். முதலாவதில் குரல் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டியிருக்கும். இரண்டாவதில் முதல் சொல்லிலேயே ஆள் முன்னால் வந்து நிற்பார்.

‘ஆல்ஃப்’பைக் கழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘லவ் ரெசரெக்‌ஷன்’ அந்தப் பெரிய ஒலிக்கு ஏற்ற பாட்டு, அங்கே எல்லாம் பொருந்துகிறது.

1985இல் பில்லி ஹொலிடே பாடிய ‘தட் ஓல் டெவில் கோல்ட் லவ்’ என்ற பழைய பாட்டை மோயே பாடினார். 2ஆம் இடம், தனியாகப் பாடிய சிங்கிள்களில் அவர் எட்டிய ஆக உயர்ந்த இடம் அதுதான். ஜாஸ் பாடகி என்ற முத்திரை விழ அதுவே போதுமாயிற்று. 1987இல் ‘ரெயின்டான்சிங்’ 2ஆம் இடம். அதில் ‘இஸ் திஸ் லவ்’ 3ஆம் இடம். சிறந்த பிரித்தானியப் பாடகிக்கான பிரிட் விருது 1985இலும் 1988இலும். 1991இல் ‘ஹூடூ’, 1994இல் ‘எசெக்ஸ்’. 1995இன் தொகுப்பு அல்பம் மறுபடி 1ஆம் இடம் போயிற்று. ஆனால் புதிய பாட்டுகளோடு ஓர் அல்பம் வர 2002 ஆகிவிட்டது. ‘எசெக்ஸ்’ஸுக்கும் ‘ஹோம்டைம்’முக்கும் இடையில் எட்டு வருடம், ரெக்கோர்ட் நிறுவனத்தோடு இருந்த பிணக்கில் போனது. ஒரு பாடகிக்கு முப்பத்து மூன்றில் இருந்து நாற்பத்தொன்று வரை என்பது குரல் ஆகத் திடமாக இருக்கும் வயது. இந்த இழப்பைக் கணக்கில் எடுக்காமல், தொண்ணூறுகளில் அவர் மங்கிப்போனார் என்று எழுதுவது நியாயமில்லை.

திரும்பி வந்த பிறகுதான் இந்தக் கதையின் ஆகத் திறமான பகுதி. அதிகம் பேர் கேட்காத பகுதியும் அதுதான். ‘த மினிட்ஸ்’ 2013இல் வந்தது. பிரிட்டனில் 5ஆம் இடம். தயாரித்தவர் கை சிக்ஸ்வர்த், பியோர்க்கோடும் மடோனாவோடும் வேலை செய்தவர். முப்பது வருடத்துக்குப் பிறகு மோயே மறுபடி முழுதாக மின்னணு இசைக்குள் வருகிறார். இந்தமுறை எழுதுபவர் யார் என்பதில் குழப்பம் இல்லை. சத்தங்கள் யாசூவை விடச் சிக்கலானவை, எண்ணிக்கையும் கூட; ஆனால் அவை குரல் நிற்கும்போது வந்து, குரல் வரும்போது விலகுகின்றன. ‘சேஞ்ச்லிங்’கில் இதை வடிவாகக் கேட்கலாம். 2017இல் ‘அதர்’. 2024இல் ‘கீ’: பழைய பாட்டுகள் பதினாறை இப்போதைய குரலில், இப்போதைய ஒலியில் மறுபடி செய்து, புதிய பாட்டு இரண்டும் சேர்த்தது. ‘ஆல்ஃப்’ காலத்துப் பாட்டு ஒன்றின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பது நான் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் நேரடிச் சோதனை. அதே பாட்டு, அதே ஆள். மாறியது வெளி.

கேட்கிற விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பேஸைத் தூக்கிக் காட்டும் ப்ளூடூத் பெட்டியில் யாசூவைக் கேட்க வேண்டாம். சின்தசைசர் பேஸ் வீங்கி 200 ஹேர்ட்ஸ் பக்கம் குரலின் அடியை மூடிவிடும். பேஸ் பூஸ்டை அணையுங்கள், செயலியில் ஈக்வலைசரை நேராக விடுங்கள், டேட்டா மிச்சம் பிடிக்கும் தர அமைப்பை மாற்றி ஆகக் கூடிய தரத்தில் வையுங்கள். யூடியூபில் என்றால் கலைஞரின் அதிகாரபூர்வப் பக்கத்தில் உள்ள பதிவையே தேடுங்கள். தனியார் ஏற்றியவற்றில் வேகமும் சுருதியும் மாறியவை உண்டு, அவற்றைக் கேட்டுச் சுருதி பிடித்தால் பிழைக்கும்.

இனி மேடை. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெளிநாட்டவர் நிறைந்திருக்கும் காலத்தில், ஒருவர் பாட ஒருவர் கீபோர்ட் வாசிக்கிற இரண்டு பேர் குழுக்கள் எண்பதுகளின் பாட்டுகளை நிறையச் செய்கின்றன. ‘ஒன்லி யூ’ இரண்டு பேருக்கென்றே அமைந்த பாட்டு. இருந்தும் மேடையில் அது அநேகமாகப் பிழைத்துப் போகிறது, காரணம் எப்போதும் ஒன்று: கீபோர்டின் ஓட்டோ ஸ்டைல். இடது கையால் ஒரு கோர்டைப் பிடித்தவுடன் பேஸ், கிட்டார், ஸ்ட்ரிங்ஸ், ட்ரம் எல்லாம் ஒன்றாக வந்து நடுப்பகுதியை அடைத்துவிடும்.

யமஹா பி.எஸ்.ஆர். வகைக் கீபோர்டில் செய்முறை இதுதான். ஓட்டோ ஸ்டைலை முழுதாக அணையுங்கள். கீபோர்டில் உள்ள பதிவு வசதியில் மூன்று ட்ரக் மட்டும் முன்கூட்டியே பதியுங்கள்: பேஸ் ஒன்று, சுண்டும் வரி ஒன்று, ட்ரம் ஒன்று. நான்காவது வரியை, அதாவது குரலுக்குப் பதில் சொல்லும் மெட்டை, மேடையில் வலது கையால் வாசியுங்கள். இடது கை சும்மா இருக்கட்டும். இதுதான் ஆகக் கஷ்டமான பகுதி. கோர்ட் பிடித்துப் பழகிய கை தானாகப் போய் விழும்.

டச் ரெஸ்பொன்ஸை அணைத்துவிடுங்கள். எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் வர வேண்டும். விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கினால், பியானோ வாசிக்கிற ஆள் சின்தசைசர் சத்தத்தைப் பாவிப்பது போலத்தான் கேட்கும். சஸ்டெய்னும் ரிவேர்பும் அணைந்திருக்கட்டும். பதிந்த பிறகு, சுரங்களைத் தாளத்துக்கு நேராக்கும் குவான்டைஸைப் பதினாறில் ஒன்று என்ற அளவுக்குச் செய்யுங்கள், ஸ்விங் வேண்டாம்.

சுரத்தின் நீளம்தான் உயிர். நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் பதினாறில் ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 150 மில்லி செக்கன். அதில் 60 வீதம், 90 மில்லி செக்கன், சத்தம்; மிச்சம் 60 மில்லி செக்கன் மௌனம். சுரத்தை முழு 150க்கும் இழுத்தால் அடுத்தது ஒட்டிக்கொண்டு வரும், சின்தசைசரின் ஃபில்டர் ஒவ்வொரு சுரத்துக்கும் புதிதாகத் திறந்து மூட நேரம் இருக்காது, சுண்டல் போய் ஒரு கோடாகிவிடும். ரிலீஸ், அதாவது கட்டையை விட்டபின் சத்தம் தேயும் நேரம், நீளமாக இருந்தாலும் இதே பிழை. சத்தத்துக்கு ஸோ என்ற ரம்பப்பல் அலை உள்ள லீட் ஒன்றை எடுத்து மோனோவில் வையுங்கள், ஃபில்டரின் கட்-ஓஃபைக் கொஞ்சம் குறையுங்கள்.

கீபோர்டின் இரண்டு சத்தங்களை டூவலில் சேர்த்து ஒன்றை 4 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலேயும் மற்றதை 4 சென்ட் கீழேயும் நகர்த்தினால் உயிர் வரும். 440 ஹேர்ட்ஸில் 8 சென்ட் வித்தியாசம் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 2 தரம் அசைவு, இது போதும். 15, 20 சென்ட் என்று போனால் சுருதி கலைந்த ஹார்மோனியம்தான் மிஞ்சும், பாடுகிறவரின் சுருதியும் ஆடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முதல் யாசூ அல்பம் 1982 ஓகஸ்டில் வந்தது, மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறையான மிடி அறிமுகமானது 1983இல். மிடி வயரில் செக்கனுக்கு 31,250 பிட்தான் போகும், ஒரு சுரத்தை அனுப்பக் கிட்டத்தட்ட 1 மில்லி செக்கன் எடுக்கும். ஒற்றைச் சுர வரிகளுக்கு இது பிரச்சினையே இல்லை. ஒரே அடியில் பத்துச் சுரம் விழும் கோர்ட் என்றால் முதல் சுரத்துக்கும் கடைசிச் சுரத்துக்கும் கிட்டத்தட்ட 9 மில்லி செக்கன் இடைவெளி வந்து, அடி மழுங்கும். யாசூவின் அந்தக் கறாரான தாளம் வேண்டுமானால், சுரங்களைக் குறைப்பதே ஆக மலிவான வழி.

எங்கள் கரையில் கீபோர்டுக்கு ஒரு தனித் தொல்லை இருக்கிறது. உப்புக்காற்று கட்டைகளுக்குக் கீழே உள்ள ரப்பர் தொடுகைகளில் படிந்து, ஒரு தட்டுக்கு இரண்டு தரம் சத்தம் வரும், இல்லாவிட்டால் வராமலே போகும். ஓட்டோ ஸ்டைல் நெரிசலுக்குள் அது மறைந்துவிடும். ஒற்றைச் சுர வரியில் மறைக்க ஒன்றும் இல்லை. கட்டைகளைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து, 99 வீத ஐசோப்ரோபைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் ரப்பரையும் பலகையின் கறுப்புத் தடங்களையும் துடைக்கச் செய்யுங்கள். துரு நீக்கும் எண்ணெய் எதுவும் அங்கே படக்கூடாது, படலமாக நின்று இன்னும் கெடுக்கும். வாசித்து முடிந்ததும் ஈரத்துடனேயே பைக்குள் மூடாமல், துடைத்து உலர்த்தி, சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள்.

பாடுகிறவருக்கு முதல் வேலை சுருதி. சினிமாப் பாட்டில் பழகிய பெண் குரல்கள் இதை உயரமாக எடுக்கின்றன, பாட்டின் கனம் அங்கேயே போய்விடும். முதல் வரியைப் பாடாமல் கதைக்கிற மாதிரி ஆறுதலாகச் சொல்லுங்கள். உங்கள் பேச்சுக் குரல் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று கீபோர்டில் தேடுங்கள், அதற்கு ஒரு சுரம் இரண்டு சுரம் மேலே அந்த வரி விழும்படி ட்ரான்ஸ்போஸைக் குறையுங்கள். பாட்டின் ஆகத் தாழ்ந்த சுரத்தை மூச்சுக்காற்று இல்லாமல் திடமாகப் பிடிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் ஒரு அரைச்சுரம் ஏற்றிப் பாருங்கள். கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் நீண்ட சுரத்தில் கமகம் சேர்ப்பார்கள். இங்கே அது வேண்டாம். சுரத்தை நேரே பிடித்து, கடைசி அரை அடியில் மட்டும் அதிர்வு. கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் தொண்டை சீக்கிரம் உலர்ந்து, தாழ்ந்த சுரங்கள்தான் முதலில் போகும். பாட ஒரு மணித்தியாலம் முன்பிருந்தே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள், ஐஸ் வேண்டாம்.

சவுண்ட்காரரோடு முன்கூட்டியே கதைக்க வேண்டியவை மூன்று. ஒன்று எக்கோ: எங்கள் ஊர் மேடைகளில் குரலுக்கு எக்கோ போடாவிட்டால் மரியாதைக் குறைவு என்ற நினைப்பு உண்டு. 300 மில்லி செக்கன் எக்கோ, நீங்கள் கஷ்டப்பட்டு உண்டாக்கிய மௌனங்கள் எல்லாவற்றையும் குரலின் எச்சத்தால் நிரப்பிவிடும். எக்கோ பூச்சியம், ரிவேர்ப் மிகக் குறைவு. இரண்டாவது மைக்கின் தூரம். உதட்டில் ஒட்டிப் பிடித்தால் மைக் இயல்பாகவே தாழ்ந்த சத்தத்தைத் தூக்கும், தாழ்ந்த குரலில் அது சேறாகும். 5 தொடக்கம் 8 சென்ரிமீற்றர் வையுங்கள். அப்படியும் குழம்பினால் 250 ஹேர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் இறக்கலாம். மிக்சரில் தாழ்ந்த சத்தத்தை வெட்டும் 80 அல்லது 100 ஹேர்ட்ஸ் லோ கட் பொத்தானை அழுத்துவதில் பிழை இல்லை. 200 வரை வெட்டினால் குரலின் அடியே போய்விடும். மூன்றாவது திசை. மாலையில் காற்று தரையில் இருந்து கடலுக்கு அடித்தால், ஸ்பீக்கர்களைத் தரைப்பக்கம் வைத்துக் கடலைப் பார்க்கத் திருப்புங்கள். காற்றோடு போகும் சத்தம் ஆட்களின் காதுப் பக்கம் வளையும். காற்றுக்கு எதிரே அனுப்பினால் மேலே எழும்பிப் போய்விடும், பின்வரிசைக்கு மெய்யெழுத்தே கேட்காது.

பாடசாலை, தேவாலயப் பாடகர் குழுக்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஃப்ளையிங் பிக்கெட்ஸ் என்ற குழு ‘ஒன்லி யூ’வை வாத்தியமே இல்லாமல் ஆண் குரல்களால் மட்டும் பாடி, 1983 நத்தாருக்குப் பிரிட்டனில் 1ஆம் இடத்தில் நின்றது. சுண்டும் வரியைக் குரலாலேயே செய்தார்கள். அதே நீள விதி இங்கும் பொருந்தும்: ஒவ்வொரு அசையையும் நாக்கால் வெட்டி நிறுத்த வேண்டும், இழுத்தால் கீர்த்தனையாகிவிடும்.

பரமேஷ்–கோணேஷ் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு, நாலே வரியில் ஒரு நல்ல மெட்டை நிறுத்துவது புதிது அல்ல. ‘ஒன்லி யூ’ கைக்கு வந்த குழுக்கள் அடுத்ததாக ‘நோபடீஸ் டயரி’யை எடுக்கலாம். வேகம் கூட, ஆனால் வரிகளின் எண்ணிக்கை அதே அளவு, பாடுகிறவருக்குக் கதை சொல்ல இடமும் நிறைய. ‘டோன்ட் கோ’வில் தொடக்க வரியை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து வாசிக்க ஆசை வரும், கீழ் ஸ்தாயியை பேஸுக்கு விட்டுவிடுங்கள். ‘விண்டர் கில்ஸ்’ஸைக் கடற்கரையில் முயல வேண்டாம், அலைச் சத்தம் அதன் மெல்லிய பகுதிகளை விழுங்கிவிடும். மூடிய மண்டபம், மின்விசிறிகளை அணைத்து, ஒரு மைக், கீபோர்டில் பியானோ சத்தம் மட்டும். அது போதும்.